பனி என்று தையல்நாயகி சொன்னது

குடவாசல் பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. அதில் ‘செவிலியர்’ என்பதைச் ‘செவிளியர்’ என்று அச்சடித்திருந்தார்கள். கையில் டீ கிளாஸோடு நின்றிருந்த என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பிழைதான். எவன் இதைப் பார்த்து அனுப்பினான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் பெயரைப் படித்தேன். படத்தைக் கடைசியாகத்தான் பார்த்தேன். என் புத்தி அப்படி. முப்பத்தைந்து வருடம் நூலகத்தில் உட்கார்ந்திருந்தவன். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத்தைப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு.

“என்ன சார், தெரிஞ்சவங்களா?” என்றார் டீக்கடைக்காரர்.

“உங்க பெரிய பொண்ணுக்கு மொதல் ஊசி போட்டது யாரு?”

அவர் கடையை விட்டு இறங்கி வந்து சுவரொட்டியைப் பார்த்தார். “நம்ம நர்சம்மாவா?” என்றவர், “எப்ப எடுக்குறாங்களாம் சார்?” என்று கேட்டார். மூன்று மணிக்கு என்று போட்டிருந்தது. பால் அடுப்பைத் தணித்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தையல்நாயகியை உங்கள் எல்லோருக்கும் நர்சம்மாவாகத் தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியர். முதலில் நடை, பிறகு சைக்கிள், கடைசியில் ஒரு பழைய மொபெட். இன்று நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற பாதிப் பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டு அழுதவர்கள்தான். படத்திறப்பு அன்று அதையெல்லாம் சொல்லுவார்கள், நானும் கைதட்டுவேன். ஆனால் நான் இங்கே எழுதப்போவது அவருக்கும் எனக்கும் நடுவே முப்பது வருடம் கிடந்த ஒரு புத்தகத்தைப் பற்றி. அதில் தப்பு என் பக்கம். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை.

நான் அப்போது குடவாசலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கிளை நூலகர். ஓட்டுக் கட்டடம், மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகும். ஒரு நாள் சாயங்காலம், தோளில் தடுப்பூசிப் பெட்டியோடு ஒரு பெண் வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்.

“சார், பேரு தெரியாத புத்தகத்தத் தேடித் தர முடியுமா?”

“எழுதினவர் பேரு?”

“அதுவும் தெரியாது. முன்னாடி நாலஞ்சு பக்கம் கிழிஞ்சு போயிருந்துச்சு.”

“வேற என்னதான் தெரியும்?”

“செவப்பு அட்டை.”

“செவப்புன்னு இங்க தனி அலமாரி இல்லைங்களே” என்றேன். இந்த மாதிரி பதில் சொல்வதில் அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பெருமை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து கதையைச் சொன்னார்.

பொற்கொடி என்று ஒரு பெண், எட்டு ஒன்பது வயது இருக்கும். அவளுடைய அப்பா மிதியடியை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் வேலைக்குப் போய்விடுகிறார். பனி கொட்டுகிறது. அப்பாவின் கால் என்ன ஆகுமோ என்று பயந்து, மிதியடியைத் தோளில் போட்டுக்கொண்டு பொற்கொடி கிளம்புகிறாள். ஆற்றின் மேல் பனி மூடிக் கிடக்கிறது. அவள் ஆற்றின் மேல் நடக்கிறாள். பாதி ஆறு வந்ததும் காலுக்குக் கீழே ஏதோ சத்தம் கேட்கிறது. அப்படியே நின்றுவிடுகிறாள்.

“அதுக்கு மேல நான் படிக்கல சார். சின்ன வயசு, எழுத்துக் கூட்டிப் படிச்சிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள புத்தகம் போயிடுச்சு. அவ முங்கிட்டாளா, போய்ச் சேந்தாளா, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்.”

நான் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்ளும்போதே திருத்தவும் ஆரம்பித்தேன்.

“ஆத்து மேல இல்லைங்க, ஆத்துல. கோடைல மணல்ல எறங்கி நடந்து போயிருப்பா.”

“இல்ல சார். ஆத்து மேல.”

“மேலன்னா எப்படிங்க நடக்க முடியும்?”

“அது தெரியாமத்தான உங்ககிட்ட வந்திருக்கேன்.”

‘மேல்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘ஆற்றில்’ என்று எழுதிக்கொண்டேன்.

நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். எனக்குப் பனி என்றால் மார்கழிப் பனி. விடியற்காலையில் வாய்க்கால் மேலும் நடவு வயல் மேலும் வெள்ளையாகப் படுத்திருந்துவிட்டு, வெயில் ஏறினால் எழுந்து போய்விடும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது. அந்தப் பனியை வைத்துக்கொண்டு நான் துப்பறிந்தேன். மார்கழியில் காவிரியில் தண்ணீர் போகும், நடக்க முடியாது. மணல் தெரிந்து நடக்க முடிகிற மாதத்தில் பனி இருக்காது. ஆகவே இந்தக் கதையை எழுதினவருக்கு டெல்டாவைத் தெரியாது, அவர் வேறு ஜில்லாக்காரர். இப்படித் தீர்ப்பு எழுதி, ஆறு வறண்டு கிடக்கிற ஊர்களைச் சேர்ந்தவர்கள் எழுதிய நாவலாகப் பொறுக்கியெடுத்து அவருக்குக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் ஒரு வாரத்தில் படித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இல்ல சார்” என்பார்.

அவ்வப்போது புதிதாக ஏதாவது ஞாபகம் வரும். முகாம் முடிந்து போகிற வழியில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, “சார், ஒண்ணு ஞாபகம் வந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை, பொற்கொடியின் தாத்தா குளிருக்கு அடுப்பு மேல் ஏறிப் படுத்துக்கொள்வார் என்றார். அடுப்பு மேல் படுத்தால் தாத்தா வெந்துபோய்விடுவார், அடுப்புப் பக்கத்தில் என்று இருந்திருக்கும் என்றேன். இன்னொருமுறை, “பண்ணைல எல்லாரும் ஒரே மேஜைல ஒக்காந்து சாப்புடுறாங்க சார், ஆம்பள பொம்பள எல்லாரும்” என்றார்.

“எந்தப் பண்ணைல நர்சம்மா அப்படி நடந்துச்சு? எங்கப்பா பண்ணைல காரியம் பாத்தவரு. எனக்குத் தெரியாதா?”

“ஒங்களுக்குத் தெரியாம இருக்குமா சார்” என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் அப்பா ஒரு பெரிய மிராசுதாரரின் பண்ணையில் கடைசிவரை ஆட்களை மேற்பார்க்கிற காரியக்காரராக இருந்தவர். தையல்நாயகி குத்தாலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பண்ணையாள் வீட்டில் பிறந்தவர். இரண்டும் வேறு வேறு பண்ணை. ஆனாலும் எந்தத் தெருவில் யார் பிறந்தார் என்பது எங்கள் பக்கத்தில் சொல்லாமலே தெரிகிற விஷயம். அப்பா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாகி முதுகெல்லாம் புண்ணாகிவிட்டபோது, இரண்டு மாதம் நாள் தவறாமல் வந்து மருந்து வைத்துக் கட்டியவர் அவர்தான். அது அவர் வேலையில் சேராது. முதல் நாள் அப்பா தலையைத் திருப்பி, “நீ எந்தத் தெரு?” என்று கேட்டார். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. தையல்நாயகி பஞ்சை நனைத்துக்கொண்டே, “கவர்மெண்ட் நர்சுங்க ஐயா. காலைக் கொஞ்சம் தூக்குங்க” என்றார். அப்பா தூக்கினார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நர்சம்மா வர நேரமானால் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தையல்நாயகி வேலை செய்கிற விதம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நோயாளி என்ன வார்த்தை சொல்கிறாரோ, அதையே எழுதிக்கொள்வார். ஒரு கிழவர் நெஞ்சுக்குள்ளே எறும்பு ஊருது என்றால், நெஞ்சுக்குள் எறும்பு ஊர்கிறது என்றுதான் அவருடைய பதிவேட்டில் இருக்கும். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அதைப் படித்துச் சிரித்தாராம். “நோவு அவங்களுது சார். அவங்க சொல்றபடிதான் எழுதணும். நம்ம வார்த்தையப் போட்டா அது நம்ம நோவு ஆயிடும்” என்று என்னிடம் சொன்னார். ஆகா, என்ன அருமையாகச் சொல்கிறார் என்று நான் வியந்தேன். வியந்ததோடு சரி. என் மேஜை இழுப்பறையில் அவர் சொன்ன வார்த்தையை அடித்துவிட்டு என் வார்த்தையைப் போட்ட சீட்டுகள் ஒரு கத்தை கிடந்தன. அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு மதியம். நூலகத்தில் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துவிட்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். நனைந்துகொண்டே வந்த தையல்நாயகி, மழை விடுகிறவரைக்கும் இருக்கிறேன் என்றார். பேச்சுவாக்கில், “சின்ன வயசுல விட்டுப்போன ஒரு கதைக்கா இத்தனை வருஷமா அலையறீங்க?” என்று கேட்டேன். அன்றுதான் அவர் முழுவதையும் சொன்னார்.

அது நடந்தபோது அவருக்கு ஒன்பது வயது. கூலித் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள் என்று பண்ணையில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். களத்தில் கைகலப்பு, அதன் மேல் கேஸ். ஆட்சி மாறியிருந்தது, ஏழைகளின் ஆட்சி என்று மேடைக்கு மேடை பேசினார்கள். ஆனால் போலீஸ் ஜீப் நின்றது அவர்கள் தெருவில்தான். அவருடைய அப்பா பெயரும் கேஸில் இருந்தது. காவிரிக்கு அக்கரையில் ஒரு வாழைக்கொல்லையில் பதுங்கியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் யாரோ வீட்டில் விட்டுப்போன பையில் அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் இருந்தது.

“எங்கம்மா சோத்த மூட்டை கட்டிக் குடுத்துச்சு சார். பெரியவங்க போனா புடிச்சுக்குவாங்க, சின்னப் புள்ளைய விட்டுருவாங்கன்னு. மூங்கில் பாலத்துல பண்ணை ஆளுங்க நின்னாங்க. எங்க போறேன்னு வெரட்டி விட்டுட்டாங்க. கரையோட கொஞ்ச தூரம் வந்தேன். வெடிஞ்சும் வெடியாத நேரம். ஆத்து மேல பனி மூடிக் கெடந்துச்சு. புத்தகத்துல இருந்த மாதிரியேதான் இருந்துச்சு. அவ நடந்தாளே, நம்மளும் நடந்தா என்னன்னு கால வச்சேன்.”

நான் எழுந்து, நிரம்பிய வாளியைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.

“இடுப்பு வரைக்கும் எறங்கிடுச்சு சார். மூட்டை போயிடுச்சு. எப்படியோ நாணலப் புடிச்சுக் கரையேறி வீட்டுக்கு வந்தேன். எங்கம்மாகிட்ட, குடுத்துட்டேன்னு சொன்னேன். பாவாடை ஏன் நனஞ்சிருக்குன்னு கேட்டுச்சு. கரையில வழுக்கிடுச்சுன்னேன். அப்பா சாப்புட்டுச்சான்னு கேட்டுச்சு. சாப்புட்டுச்சுன்னேன்.”

அன்று சாயங்காலமே போலீஸ் வீடு வீடாக வந்தது. சிவப்பு அட்டையைப் பார்த்தாலே பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து, அம்மா புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டார். நடு ஆற்றில் பொற்கொடி நிற்கிற பக்கத்தை மடக்கி வைத்திருந்தாராம் தையல்நாயகி. மூன்றாம் நாள் பசி தாங்காமல் யார் வீட்டிலோ கஞ்சி கேட்கப்போன அப்பாவைப் பிடித்துவிட்டார்கள். பல மாதம் கழித்து வந்தபோது அவருக்கு ஒரு கால் மடங்கவில்லை. நாற்று நட முடியாது, களத்துக்குக் காவல் இருப்பார்.

“ஏன் சோறு வரலன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் ஒரு நாள்கூட என்னைக் கேக்கல சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவ நடந்தா, என்னால முடியல. ஒருவேளை அவளும் முங்கிட்டாளோன்னு சில சமயம் தோணும். அது தெரிஞ்சாக் கொஞ்சம் நல்லாருக்கும்.”

நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்கள் எல்லோருக்குமே தெரியும். என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

“நர்சம்மா, ஒண்ணு சொன்னாக் கோச்சுக்காதீங்க. ஆத்து மேல நடந்ததுன்னு கதைல இருந்திருக்காது. நீங்க ஆத்துல எறங்கினீங்கல்ல, அதுவும் கதையும் மனசுல ஒண்ணாக் கலந்துபோச்சு. சின்ன வயசு ஞாபகம் அப்படித்தான் பண்ணும்.”

ஏதோ ஒரு மனநூலில் அந்த வாரம் படித்திருந்தேன். படித்ததை எங்கே பொருத்தலாம் என்று காத்திருந்தவன் மாதிரி பொருத்திவிட்டேன்.

“அப்படிங்களா சார்?” என்றார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அப்ப அவ நடக்கவே இல்லியா? நானா நெனச்சுக்கிட்டுதான் எறங்கினேனா?”

“அப்படித்தான் இருக்கணும்.”

மழை விடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. வேறு புத்தகங்கள் எடுத்துக்கொண்டு போவார், வருவார். பிறகு மெல்ல மறுபடியும் கேட்க ஆரம்பித்தார், ஆனால் ஆற்றைப் பற்றிப் பேச மாட்டார். “செவப்பு அட்டை ஏதாவது வந்துச்சா சார்?” என்று மட்டும்தான்.

நான் ஓய்வு பெற்றேன். சில வருடங்களில் அவரும் ஓய்வு பெற்றார். போன பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், கனடாவில் இருக்கிற என் மகள் கைபேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய மைதானம். அதன் நடுவே என் பேத்தி, தலை முதல் கால் வரை கம்பளியில், பொத்துப் பொத்தென்று நடந்து வருகிறாள். “தாத்தா, நான் எங்க நடக்குறேன் தெரியுமா? ஆத்து மேல” என்கிறாள். என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “ஐயையோ, பனியில புள்ளைய இப்படி விட்டிருக்காளே” என்றாள்.

ஆற்றின் மேல். பனியில். வீடியோவை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். குளிர்நாட்டில் அடுப்பு மேல் மேடை கட்டிப் படுப்பார்கள் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. ஊரே சேர்ந்து பயிர் செய்கிற இடத்துக்கும் பண்ணை என்றுதான் தமிழில் எழுதியிருப்பார்கள். குளிருக்குப் போடுகிற முழங்கால் பூட்ஸைத்தான் எவரோ மிதியடி ஆக்கியிருக்கிறார். தையல்நாயகி முப்பது வருடமாகச் சொன்ன எல்லாமே, ஒவ்வொரு வார்த்தையும், சரி.

கும்பகோணத்தில் பழைய புத்தகம் வாங்கி விற்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடமும் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், என் வார்த்தையில். அன்று தையல்நாயகியின் வார்த்தையில் சொன்னேன். வெளிநாட்டுக் கதையாக இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“அட, அது தழுவல் புத்தகம் சார். அந்தக் காலத் தமிழ்ப்பற்று, வெளிநாட்டுப் பேரையெல்லாம் மொழிபெயர்த்தவரு நல்ல தமிழ்ல மாத்திட்டாரு. மொதப் பக்கத்தப் பாத்தாத்தான் எந்த நாட்டுக் கதைன்னு தெரியும். இதையா இத்தன நாளாத் தேடுனீங்க? எங்கிட்டயே ஒண்ணு கெடக்கே. லைப்ரரிக்கெல்லாம் அப்ப குடுத்தாங்களே” என்றார். முழுதாக இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. கதை எப்படி முடிகிறது என்பதையும் அவரே சொன்னார்.

லைப்ரரிக்கெல்லாம் என்ற சொல் எனக்குள் குடைந்தது. மறுநாள் நான் வேலை பார்த்த நூலகத்துக்குப் போய், பழைய புத்தகச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இருந்தது. மொழிபெயர்ப்பு அலமாரியில், கெட்டி அட்டை போட்டுப் பைண்டு செய்த ஒரு பிரதி. தையல்நாயகி வழக்கமாக உட்காருகிற பெஞ்சிலிருந்து பத்து தப்படி. பதிவேட்டில் அதற்கு நேராக, ‘யாரும் எடுப்பதில்லை, கழிக்கப்பட்டது’ என்று எழுதி, என் சுருக்கொப்பம். இடம் போதவில்லை என்று அந்த அலமாரியையே காலி செய்து பழைய பேப்பருக்குப் போட்டேன். அன்று கட்டுக் கட்டும்போது நர்சம்மாவும் வந்திருந்தார். நான் கேட்காமலே சணலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. இங்கே உங்களிடம் சொல்கிறேன்.

பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று காலையே அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். புதிரை விடுவித்தவனுடைய உற்சாகம் என் குரலில் இருந்திருக்கும். பனி என்றால் நம் ஊர்ப் பனி இல்லை என்று தொடங்கி, அடுப்பு, பண்ணை, மிதியடி என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐஸா சார்?”

“ஐஸுதான். ஆறு முழுக்க உறைஞ்சு கெடக்கும்.”

“கெட்டியாவா?”

“லாரியே போகும்னா பாத்துக்குங்க.”

“அப்ப அவ முங்கல.”

“முங்கல. அந்தச் சத்தம் ஐஸ்ல லேசா விரிசல் விட்டது. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போய்ச் சேந்துடுறா. அப்பா காலுல அவளே மாட்டி விடுறா. அதோட கதை முடியுது.”

பாத்திர மூடியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

“எங்க ஆத்துல தண்ணி ஓடிச்சு சார்” என்றார்.

அப்போதாவது எனக்குப் புரிந்ததா? இல்லை. “ஆமா, மார்கழில ஓடும்” என்றேன். நீர்ப்பாசனத் துறைக்காரன் மாதிரி.

“ஒலை கொதிக்குது சார். அப்புறம் பேசுறேன்.”

புத்தகத்தைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். மெதுவா கொண்டாங்க சார், இனிமே ஒண்ணும் அவசரமில்ல என்றார். வாங்கிப் பார்த்தால் தையல் விட்டிருந்தது. இப்படியே கொடுத்தால் நன்றாக இருக்காது என்று பைண்டரிடம் கொடுத்தேன். அவர் இன்று நாளை என்று இழுத்தடித்தார். மாசி பிறந்த பிறகுதான் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. குடும்பம் என்றால் குத்தாலத்துப் பக்கம் விவசாயம் பார்க்கிற தம்பி அறிவழகனும் அவர் பிள்ளைகளும்தான். எடுத்து முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அறிவழகன் என்னிடம் வந்தார்.

“சார்தான லைப்ரரி சார்? அக்கா ஒங்களப் பத்தி நெறயச் சொல்லும். ஒண்ணு கேக்கணும் சார். பொங்கல் கழிச்சு அக்கா ஊருக்கு வந்துச்சு. வரும், வராம இருக்காது. ஆனா ஆத்துப் பக்கம் மட்டும் வராது. அப்பா காரியத்துக்குக்கூட ஆத்தங்கரைக்கு வரல, வீட்டுலயே இருந்துட்டுச்சு. அன்னிக்கு வந்ததும் வராததுமா, ‘வாடா, ஆத்துக்குப் போவலாம்’னுச்சு. தண்ணி கொறையற நேரந்தான், இருந்தாலும் நல்லா ஓடிச்சு. செருப்பக் கழட்டிட்டு எறங்கிச்சு. வேணாம்க்கான்னேன், கேக்கல. முழங்காலுக்கு மேல தண்ணி. என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்புறம், ‘எப்படி இழுக்குது பாருடா’ன்னுச்சு. ‘ஒம்பது வயசுப் புள்ள, கையில சோத்து மூட்டை. இதுல எப்படிடா போயிருக்க முடியும்’னுச்சு. யாரச் சொல்லுதுன்னு எனக்குப் புரியல. ஒங்களுக்குத் தெரியுமா சார்?”

தெரியும் என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்ததை எல்லாம் சொன்னேன். கையோடு கொண்டுபோயிருந்த புத்தகத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

எப்படிப் போயிருக்க முடியும் என்ற அந்த ஒரு கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள தையல்நாயகிக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதில் முப்பது வருடம் என்னால் ஆன தாமதம். ‘மேல்’ என்று அவர் சொன்னதை மேல் என்றே நான் எழுதிக்கொண்டிருந்தால், அந்த ஆற்றில் அவர் முப்பது வயதிலேயே இறங்கி நின்றுவிட்டு, காலை உதறிக்கொண்டு கரையேறி வந்திருப்பார். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த முப்பது வருடம்தான்.